வான் திரும்ப இடமில்லாத வீதி

என் கணவருக்கு அந்த ஆசையைக் கிளப்பிவிட்டவர்கள் இரண்டு வெள்ளைக்காரர்கள். எங்கள் வாடகை வானில் ஆள் ஏற்றித் தலைமன்னார்ப் பக்கம் ஹயர் ஓடிப் போன இடத்தில் அவர்களைப் பார்த்திருக்கிறார். புருஷனும் பெண்சாதியும் வானுக்குள்ளேயே சமைத்து, வானுக்குள்ளேயே படுத்து, ஊர் ஊராகத் திரிகிறார்களாம். அடுத்த கிழமையே எங்கள் வானின் பின் சீற்றுகளைக் கழற்றி, உப்புக்குளத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டு விறாந்தையில் அடுக்கிவிட்டார். வானுக்குள் ஒரு மெத்தை ஏறியது. சின்னக் காஸ் அடுப்பும் தண்ணீர்க் கானும் ஏறின. கடைசியாக எங்கள் வீட்டுப் பூனையும் ஏறியது. "ஞாயிறு பூசை முடிஞ்சவுடன வெளிக்கிடுவம். இண்டைக்கு ஒருநாள் நாங்களும் துரைமார்தான்," என்றார்.

பாதி ஆயுளை அகதியாக ஓடியே கழித்த எனக்கு, பொழுதுபோக்குக்காக வீட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களின் எண்ணம் விளங்கவேயில்லை. ஆனாலும் போனேன். வீட்டில் தனியே இருக்கவும் பயம்.

சண்டை முடிந்து எங்களை மீள்குடியேற்றிய காலம் அது. திரும்பி வந்தவர்களை ஒரு மண்டபத்தில் இருத்தி, மிதிவெடி கிடக்கிற ஊரில் எதைத் தொடக்கூடாது, எங்கே கால் வைக்கக்கூடாது என்று படம் காட்டினார்கள். மற்றவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள், நான் மட்டும் இன்னும் அந்த மண்டபத்திலேயே இருக்கிறேன் என்று என் கணவர் பகிடி பண்ணுவார். அதில் பொய்யில்லை. தார் வீதியையோ ஆள் நடந்த தடத்தையோ விட்டு ஓர் அடி தள்ளிக் கால் வைக்கமாட்டேன். வேலியோரம் விழுந்த முருங்கைக்காயைக்கூடக் கொக்கத்தடியால் இழுத்துத்தான் எடுப்பேன். அவரோ எதற்கும் அசையாத மனிதர். அந்தத் துணிச்சலைக் கண்டால் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அது பக்கத்தில் கிடந்து குறட்டை விடுவதால்தான் எனக்கு நித்திரையே வந்தது.

கையில் தையல் இருந்தால் என் பயம் கொஞ்சம் அடங்கும். தையற்கடைகளில் கழித்து விடுகிற துண்டுத் துணிகளைச் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று பொருத்தி, வான் மெத்தைக்கென்று ஒரு போர்வை தைத்துக்கொண்டிருந்தேன். பாதிதான் ஆகியிருந்தது. அதற்குப் பூனையும் ஒரு காரணம். கூப்பிட்டால் வராது, பொரித்த மீனைக் காட்டினாலும் மனமிருந்தால்தான் வரும். ஆனால் நான் போர்வையை விரித்துக் குண்டூசி குத்தத் தொடங்கினால் போதும், எங்கிருந்தாலும் வந்து நட்டநடுவில் குந்திவிடும்.

பெரிய பாலத்தைக் கடந்து உயிலங்குளமும் தாண்டினோம். சில வயல்களில் பயிர் நின்றது, சிலவற்றில் இன்னும் பற்றைதான். அதன் பிறகு அவர் தார் வீதியை விட்டு, புதிதாகக் கிரவல் மண் போட்ட ஓர் ஒழுங்கைக்குள் வானை விட்டார். அது குளத்தடிக்குப் போகுமாம். ஒரு வானுக்குத்தான் அகலம். கொஞ்சத் தூரம் போய் ஒரு பாலை மரத்தின் கீழே நிறுத்தினார். இழுவைக் கதவைத் திறந்துவிட்டு, அடுப்பைப் பற்றவைத்து, அவரே தேத்தண்ணீர் போட்டார். நல்ல காற்று. பூனையைப் பழைய சீலைக் கரையால் முன் சீற்றுக் காலில் கட்டியிருந்தேன். உண்மையைச் சொன்னால், அந்தத் தேத்தண்ணீர் குடித்து முடிகிற நேரம்வரை எனக்கும் சுகமாகத்தான் இருந்தது.

"இந்தா வாறன்," என்று அவர் பற்றைக்குள் ஒதுங்கினார். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது அவர் கையில் நீளமான பிளாஸ்ரிக் நாடா ஒன்று சுருண்டு கிடந்தது.

"பூனையைக் கட்ட நல்ல சாமான். உம்மட சீலைக் கரையை அது கடிச்சு அறுத்துப்போடும்."

நாடாவில் சிவப்பும் வெள்ளையும் மாறிமாறி இருந்தன. வெயிலில் வெளிறியிருந்தாலும் எனக்குத் தெரிந்துவிட்டது. மிதிவெடி அகற்றி முடியாத இடத்தைச் சுற்றிக் கட்டுகிற நாடா அது.

"எங்க எடுத்தனீங்கள்?"

"பத்தையில சுத்துப்பட்டுக் கிடந்தது. மாடு ஏதும் அறுத்திருக்கும்."

"நீங்கள் நிண்டது அதுக்கு அங்காலயோ, இஞ்சாலயோ?"

அவர் சிரித்தார். பிறகு கையிலிருந்ததைப் பார்த்தார். "இஞ்சாலதான்," என்று சொல்லிவிட்டு, வானின் படியில் மெதுவாக ஏறினார்.

பூனையை மடியில் எடுத்து வைத்துக்கொள்ளத் திரும்பினேன். அறுந்த சீலைக் கரைதான் கிடந்தது. அவர் பின்னாலேயே அது போயிருக்கிறது. பற்றைக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் வெறும் நிலத்தில் நின்று, இரண்டு முன்னங்கால்களாலும் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தது. எங்கள் பூனை சுத்தக்காரி. ஓரிடம் பிடிக்காவிட்டால் அடுத்த இடத்தில் தோண்டும், பிறகு இன்னோரிடத்தில். ஒவ்வொரு தோண்டலுக்கும் நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

"நான் போன காலடியாலயே போய்த் தூக்கிக்கொண்டு வாறன்," என்று அவர் இறங்கப் பார்த்தார். சேட்டின் முதுகைப் பிடித்து இழுத்தேன்.

"புல்லுக்க காலடி எங்க தெரியுது? இருங்கோ!"

"பூனைப் பாரத்துக்கு அது வெடிக்காது."

"ஆர் நிறுத்துப் பாத்தது? நீங்கள் தீத்தின மீனுக்கு அது ஆட்டுக்குட்டி மாதிரிக் கிடக்கு. அது செத்தா நான் அழுது முடிப்பன். நீங்கள் போனா நான் என்ன செய்யிறது?"

சேட்டின் தையல் விட்டுப்போனது. நான் விடவில்லை.

கூப்பிட்டுப் பார்த்தேன். "பூசா, பூசா" என்றதும் காதை மட்டும் திருப்பியது. சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த மீன் சட்டியைத் திறந்து தட்டினேன். இன்னும் தள்ளிப் போனது. அப்போதுதான் புத்தி வந்தது. பாதிப் போர்வையை எடுத்துக்கொண்டு, வானுக்குப் பின்னால் எங்கள் சில்லு பதிந்த தடத்தில் இறங்கி அதை விரித்தேன். குந்தியிருந்து குண்டூசி குத்தத் தொடங்கினேன். பூனையைப் பார்க்கக்கூடாது, பார்த்தால் வராது. உலகத்தில் ஒரு கவலையும் இல்லாதவள் மாதிரி இருக்கவேண்டும். ஊசி விரலில் ஏறியது. வாய்க்குள் அருள் நிறைந்த மரியே சொன்னேன், பாதியில் மறந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். புல் சரசரத்தது. நின்றது. மறுபடி சரசரத்தது. பிறகு துணி லேசாக இழுபட்டது. நட்டநடுவில் குந்தி, தன் காலை நக்கிக்கொண்டிருந்தது அந்தச் சனியன்.

நாலு மூலையையும் சேர்த்துப் பிடித்து மூட்டையாக வானுக்குள் எறிந்து, கதவை அடித்துச் சாத்தினேன்.

அதோடு முடியவில்லை. வானைத் திருப்புவதென்றால் சில்லு கிரவலை விட்டு இறங்கவேண்டும். அறுந்த நாடா எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று இனிக் கடவுளுக்குத்தான் தெரியும்.

"வந்த தடத்தாலயே பின்னுக்குப் போவம்," என்றேன். மெத்தையில் முழங்காலில் நின்று பின்கண்ணாடியால் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். "நேர வாங்கோ. கொஞ்சம் வலப்பக்கம். காணும், போதும். நிப்பாட்டுங்கோ. இப்ப மெல்ல." நான் வழி சொல்ல ஒரு மறுபேச்சும் இல்லாமல் அவர் வான் ஓட்டியது அன்றைக்குத்தான். போகும்போது ஒரு பாட்டு முடிவதற்குள் கடந்த தூரம், திரும்பும்போது முடியவே முடியாது போலிருந்தது. அவர் சேட்டு முதுகில் ஒட்டிக் கிடந்தது.

"தார் றோட்டு வந்திட்டுது. நிப்பாட்டுங்கோ."

அவர் நிற்பாட்டவில்லை. தார் வீதியிலும் பின்னோக்கியே போனார். கத்தினேன். நின்றது. முன்னுக்குப் போய்ப் பார்த்தால், கிளச்சில் இருந்த கால் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"நாடாவுக்கு அங்காலதான் நிண்டனான்," என்றார் வீதியைப் பார்த்தபடி. "போகேக்க நான் அதைக் காணேல்லை. திரும்பி வரேக்கதான் முழங்காலில தட்டினது."

"அது தெரிஞ்சுகொண்டோ திரும்பியும் பூனையைத் தூக்கப் போகப் பாத்தனீங்கள்? உங்களுக்குப் பயமே இல்லையோ?"

"எனக்கு எந்தநாளும் பயம்தான்," என்றார். "ரெண்டு பேரும் பயந்துகொண்டிருந்தா எப்பிடிச் சீவிக்கிறது?"

இத்தனை வருஷமும் ஒரே பாயில் படுத்தும் எனக்கு இது தெரியாமல் போய்விட்டது. நடுக்கம் நிற்கும்வரை அந்த முழங்காலை இரண்டு கையாலும் அமர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.