பெப்பரோனி தின்ற கை

மாமாவின் விண்ணப்பம் கவிழ்ந்ததற்கு நான் தின்ற ஒரு துண்டு பீட்சாதான் காரணம் என்று கன காலம் நம்பியிருந்தேன். இப்போதும் ஏதாவது பிழையாகிப்போனால், அன்றைக்கு என்ன தின்றேன் என்றுதான் முதலில் யோசிப்பேன். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவளின் புத்தி அப்படித்தான் போகும் போல.

மாமா, அம்மாவின் தம்பி. ஸ்காபரோவில், டோர்செட் பார்க்கில் எங்கள் பதினோராம் மாடி அப்பார்ட்மெண்டில், சோபாவில் படுத்தெழும்பினார். ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல்காரர். வேலை பெர்மிட் ஆடி மாதத்தோடு முடிகிறது. அதற்குள் ஒன்டாரியோ மாகாணம், இவர் எங்களுக்குத் தேவையான தொழிலாளி என்று நியமனம் தந்தால் இங்கேயே இருக்கலாம். தராவிட்டால் போகவேண்டும். விண்ணப்பிக்க அழைப்பு வந்து, முதலாளி கையெழுத்திட்ட படிவம், சம்பளத் துண்டுகள் எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியாயிற்று. மிச்சம் ஒரு பொத்தான்.

அதை அமத்த என் கைதான் வேண்டும் என்று அம்மா முடிவெடுத்தார். கோயில் மண்டபத்தில் குலுக்கல் சீட்டில் ரைஸ் குக்கர் வென்ற கை. எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தக் கிழமை முழுக்க யாரும் மச்சம் தொடக்கூடாது, சைவம்தான் என்று கட்டளை. நேரம், சனிக்கிழமை பத்தரைக்குப் பிறகு, ராகுகாலம் கழிய.

"உது ஊர் ராகுகாலமோ, ஸ்காபரோ ராகுகாலமோ?" என்றார் அப்பா.

"நீங்கள் கொஞ்சம் வாயை மூடுங்கோ," என்றார் அம்மா.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் பீட்சா நாள். எனக்குச் சொல்லிவைத்திருந்தது வெறும் சீஸ். அது முடிந்துவிட்டதென்று பெப்பரோனித் துண்டொன்றைத் தட்டில் வைத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வட்ட வட்டமான இறைச்சியைக் கழற்றி வைத்துவிட்டுத் தின்றேன். பிறகு பசி தாங்காமல் கழற்றியதையும் தின்றேன்.

வீட்டுக்கு வந்து மூன்று தரம் சவுக்காரம் போட்டுக் கை கழுவினேன். யாருக்கும் சொல்லவில்லை.

அடுத்த நாள் அம்மா கற்பூரம் கொளுத்தினார். புகை அலாரம் கத்தாமல் இருக்க அப்பா துவாயால் விசிறிக்கொண்டு நின்றார். வேலையால் பிந்தி வந்து சரியாக நித்திரை கொள்ளாத மாமா, என் கையை மவுஸில் வைத்து, மேலே தன் கையை வைத்தார்.

"அமத்து குஞ்சு. ஒண்டும் யோசிக்காதை."

கண்ணை இறுக மூடிக்கொண்டார். மவுஸில் கை நடுங்கியது. அமத்தினேன்.

சில மாதங்களில் மறுப்புக் கடிதம் வந்தது. அம்மா இரண்டு நாள் அடுப்புப் பக்கம் போகவில்லை. மாமா பெட்டி அடுக்கிய அன்று, எனக்கு அடக்க முடியவில்லை.

"மாமா, நான் பெப்பரோனி சாப்பிட்டிட்டன். அந்த வெள்ளிக்கிழமை."

மடித்த சேர்ட்டோடு நின்றார். "நான் கடையில ஒவ்வொரு நாளும் ஆட்டுக்கறிக்கு உப்புப் பாக்கிறவன். அப்ப சாமி முதல்ல என்னையெல்லோ பிடிச்சிருக்கோணும்!"

அவர் சிரித்தார். என்னால் முடியவில்லை. என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொல்கிறார் என்று இன்னும் கூடப் பயந்தேன்.

அவர் போய்ப் பல வருடம் கழித்து, காரில் போகும்போது அப்பா பேச்சோடு பேச்சாகச் சொன்னார். கடை கைமாறப்போகிறது, புதிதாக வருபவருக்கு மாமா தேவையில்லை என்று அந்த வெள்ளிக்கிழமையே முதலாளி சொல்லிவிட்டாராம். பிறகு அதிகாரிகள் கடைக்குப் போன் எடுத்து விசாரித்தபோது, அப்படியொரு வேலை இங்கே இல்லை என்று பதில் போயிருக்கிறது.

"உன்ர அம்மா கற்பூரத் தட்டோட நிக்கேக்கை அவன் என்னெண்டு சொல்லுறது?" என்றார் அப்பா.

மாமா கண்ணை மூடியது கும்பிடுவதற்கு என்றுதான் நினைத்திருந்தேன். நடுங்கியது என் கை மட்டும் என்றும்.