ஏழாவது கோல்

இப்போதெல்லாம் பேப்பரில் கால்பந்துச் செய்தி ஒரு விரற்கடை அளவுக்குத்தான் வருகிறது. பாதி நாள் அதிலும் 'கோல் இன்றி டிரா' என்று இருக்கிறது. படித்து முடித்தால், இலையில் உட்கார வைத்துவிட்டுச் சோறு போடாமல் எழுப்பிவிட்டது மாதிரி இருக்கும். ஐம்பதுகளில் திருச்சியில் நாங்கள் பார்த்த ஆட்டங்கள் ஐந்துக்கு நாலு, எட்டுக்கு ஐந்து என்றுதான் முடியும். மறுநாள் பேப்பரில் ஒவ்வொரு கோலும் எத்தனையாவது நிமிஷம், யார் காலிலிருந்து, கம்பத்தின் எந்தப் பக்கமாகப் போனது என்று வரிசையாக வரும். லாவகமாகக் கடத்திச் சென்றார், மின்னல் வேகத்தில் உதைத்தார் என்றெல்லாம் இருக்கும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக் கூட்டாமல் படிக்கக் கற்றதே அந்தச் செய்திகளில்தான்.

அவற்றில் ரத்தம் மட்டும் வராது. வெறுங்காலில்தான் ஆடுவார்கள். கணுக்காலில் கிழிந்த வேட்டியைச் சுற்றிக்கொள்வார்கள். அதற்குள் தகரத் துண்டை வைத்துச் சுற்றுகிறவர்களும் உண்டு. உறையூரில் ஓர் ஆட்டத்தில் ஒருவருடைய காது மடல் பாதி இன்னொருவர் வாயோடு போய்விட்டது. மறுநாள் பேப்பரில், ஆட்டம் விறுவிறுப்பாக இருந்தது என்று போட்டிருந்தார்கள்.

நானும் அண்ணனும் மார்க்கெட் பக்கம் ஒரு வாழைக்காய் மண்டியில் வேலை பார்த்தோம். முசிறியிலிருந்து வரும் தார்களை அண்ணன் லாரியிலிருந்து இறக்குவார். நான் சருகு சுற்றிக் கட்டுவேன். அண்ணனுக்கு எழுத்து தெரியாது. மண்டி ஆட்களின் டீமில் அவர்தான் சென்டர் பார்வர்டு. எனக்கு ஆள் முகத்தைப் பார்த்துப் பேசவே கூச்சம். ஆடச் சொன்னால் ஓடிவிடுவேன். கோல் கம்பத்துக்கு வலை கிடையாது என்பதால், பின்னால் நின்று பந்து பொறுக்கிப் போடும் வேலை எனக்கு.

நிருபர் எந்த ஆட்டத்துக்கும் வரமாட்டார். தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் அவர் வீடு. ஆட்டம் முடிந்ததும் டீமுக்கு ஒருவராகப் போய், கோல் விவரத்தை ஒரே சீட்டில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்து வைத்துக் கொடுக்க வேண்டும். ஒருவர்தான் வந்தார் என்றால் அவர் சொன்னதே கணக்கு. இருவரும் வந்து வேறு வேறாகச் சொன்னால் அந்த ஆட்டம் பேப்பரில் வராது. பேப்பரில் வராத ஆட்டத்தை ஊரில் யாரும் ஆட்டமாகவே மதிப்பதில்லை.

அந்த ஐப்பசியில் ஸ்ரீரங்கத்து லாரி ஷெட் ஆட்களோடு எங்களுக்கு ஆட்டம். கொள்ளிடக் கரையோரம் ஒரு திடல். முதல் நாள் பெய்த மழையில் கோல் வாய் இரண்டும் நடவு வயல் மாதிரி குழைந்து கிடந்தன. இடைவேளைக்குள் நாலுக்கு நாலு. எங்கள் ஆள் ஒருவருக்கு மூக்கு உடைந்திருந்தது. அவர்களில் ஒருவர் இரண்டு பல்லைக் கையில் வைத்துக்கொண்டே ஆடினார்.

நான் நின்றது லாரி ஷெட் கோல்கீப்பரின், எங்கள் பேச்சில் கோலியின், முதுகுப் பக்கம். நல்ல உயரம், என் வயதுதான் இருக்கும். கரையில் நின்ற எங்கள் ஆட்கள் அவனை விடவே இல்லை.

"ஏம்பா, உங்க கோலுக்குக் கதவு போடலையா?"

"கதவு எதுக்குங்க? அவருதான் வாங்க வாங்கன்னு கூப்பிடுறாரே."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு கோல் விழும்போதும் சேற்றைக் கையில் அள்ளித் தரையில் ஓங்கி அடித்தான். ஆறுக்கு ஆறு ஆனது. எங்கள் ஆறில் நாலு அண்ணன் போட்டது.

கடைசி நிமிஷம். அண்ணன் இரண்டு பேரை இடித்துத் தள்ளிவிட்டுத் தனியாக வந்தார். கோலி குதித்து அவர் காலடியில் விழுந்தான். அண்ணன் உதைத்ததும், காய்ந்த மட்டை ஒடிவது போல ஒரு சத்தம் கேட்டது. அண்ணனின் முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. பந்து சேற்றில், சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே புதைந்து நின்றது. கோட்டைத் தாண்டவில்லை. அதைப் பார்த்தது இரண்டே பேர். ஒன்று, அதன் மேல் கை வைத்துக் கிடந்த கோலி. இன்னொன்று நான்.

அதற்குள் இரண்டு பக்கமும் கூட்டம் திடலுக்குள் இறங்கிவிட்டது. யார் காலோ பட்டுப் பந்து எங்கோ போனது. மூங்கில் கழியாலும் சைக்கிள் செயினாலும் அடித்துக்கொண்டார்கள். ரெபரி விசிலைக் கழற்றி எறிந்துவிட்டு வாழைத் தோப்புக்குள் புகுந்தார். அண்ணனை யாரும் மிதித்துவிடாமல் நான் அவர் மேல் குப்புறப் படுத்துக்கொண்டேன். என் முதுகில் நிறைய அடி விழுந்தது.

மாட்டு வண்டியில் ஏற்றும்போது அண்ணன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"நீ பின்னால நின்னியேடா. கோல்தானே?"

முகம் வெளுத்து, உதடு நீலமாக இருந்தது.

"கோல்தான் அண்ணே."

"இனிமே நான் எங்கடா ஆடப் போறேன். பேப்பர்ல வந்துடணும். நீ போ."

அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆள் இருந்தது. நான் வாடகை சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். காவிரிப் பாலத்தில் ஏறும்போது எனக்கு முன்னால் கோலி போய்க்கொண்டிருந்தான். பார்த்தது அவன்தான் என்பதால் அவனையே அனுப்பியிருந்தார்கள். என்னைக் கண்டதும் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினான்.

"தம்பி, நீ பாத்தேல்ல. ஆறுக்கு ஆறுன்னு சொல்லிடுவோம். அதான் நெசம். ஆறு விட்டவன் நானு, அதை மறைக்கலை. ஏழாவதைப் புடிச்சதையாவது போடட்டும்."

அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. சைக்கிளில் மாட்டியிருந்த காற்றடிக்கும் பம்பை உருவி அவன் வாயில் அடித்தேன். அதுவரை நான் யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. எவ்வளவு பலம் வைப்பது என்று தெரியவில்லை. இரண்டாவது அடியில் அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தான். மூன்றாவது அடிக்கு அவசியமே இல்லை. அதையும் அடித்தேன். அவன் சைக்கிள் சக்கரத்தை மிதித்து வளைத்துவிட்டுப் போனேன்.

நிருபர் வீட்டு வாசலில் நான் மூச்சு வாங்கி நிற்க, அவர் வெளியே வந்து விசாரித்துக்கொண்டிருக்கும்போதே அவன் வந்து சேர்ந்தான். ஏதோ வண்டியில் தொற்றிக்கொண்டு வந்திருக்க வேண்டும். வாய் பூசணிப்பழம் மாதிரி வீங்கியிருந்தது. மார்பெல்லாம் ரத்தம். நாக்கு புரளவில்லை.

நிருபர் எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்தார். "புட்பால்தானே? தெரியுது." ஒரு தாளைக் கொடுத்தார். "ரெண்டு பேரும் சேர்ந்து எழுதுங்க. எண்ணால எழுதாதீங்க, அச்சுக்கோக்கறவன் மாத்திடுறான். எழுத்தால எழுதுங்க. எழுதத் தெரியாதவங்க கைநாட்டு வைக்கலாம். மை டப்பா எடுத்துட்டு வரேன்."

அவர் உள்ளே போனார். கோலி என்னை அடிக்கவில்லை. தனக்கும் அந்த ஆட்டம் பேப்பரில் வந்தாக வேண்டும் என்று நினைத்திருப்பான். ஒரு கையின் ஐந்து விரல், மறு கையின் கட்டை விரல் என்று இரண்டு தரம் காட்டினான். ஆறு, ஆறு. பிறகு தாளைத் தொட்டு, தனக்கு எழுத வராது என்று கையை விரித்து, நீ எழுது என்று சைகை செய்தான்.

லாரி ஷெட்டில் வண்டி நம்பர் பார்க்கிறவனுக்கு எண் தெரியும். எழுத்து தெரியாது. நான் 'ஏழு' என்று எழுதினேன். எதிரே 'ஆறு' என்று எழுதினேன். ஏழாவது கோலை, பேப்பரில் படித்துப் படித்து மனப்பாடமான வார்த்தைகளில் எழுதினேன். எதிரிகளை லாவகமாகக் கடந்து, மின்னல் வேகத்தில், கோலி பாய்ந்தும் பயனின்றி. எழுதியதை அவனிடம் காட்டி, தாழ்ந்த குரலில், "ஆறுக்கு ஆறு" என்று படித்தேன். அவன் தலையை ஆட்டினான். நிருபர் மை டப்பாவோடு வந்ததும் கட்டை விரலை வைத்தான். மையோடு வாயைத் துடைத்த ரத்தமும் தாளில் ஒட்டியது.

மறுநாள் பேப்பரில் வந்துவிட்டது. நான் எழுதிய வாக்கியம் ஒரு எழுத்தும் மாறாமல் இருந்தது. அச்சுக்கோத்தவர் கணக்கை மட்டும் எண்ணாக்கி, மேலே பெரிதாக 7-6 என்று போட்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். கால் இனி நேராக நிற்காது என்று காலையில்தான் டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மூன்று தடவை படிக்கச் சொன்னார்.

பத்து மணிக்கு மண்டியில் சருகு சுற்றிக்கொண்டிருந்தேன். அவன் வந்தான். மடித்த பேப்பர் கையில். எங்கள் ஆட்கள் தார் வெட்டும் அரிவாளோடு எழுந்தார்கள்.

"விடுங்க," என்றேன். "இது எங்களுக்குள்ள."

அவன் பேப்பரைக் கீழே வைத்தான். காய் சீவிப் போட்டிருந்த தார்த்தண்டு ஒன்றை எடுத்தான். நான் எழுந்து நின்றேன். எழுதின கையைக் காட்டு என்றான். வார்த்தை உடைந்து உடைந்து வந்தது. வலது கையை நீட்டினேன். தோளிலிருந்து விரல் வரை அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் எல்லோருக்கும் கேட்கும்படி எண்ணினான். நாலாவது அடியில் சுண்டுவிரல் ஒடிந்தது. அது இன்றைக்கும் மடங்காது. ஆறு என்று சொன்னதும் தண்டைக் கீழே போட்டான்.

"நான் விட்டது ஆறு. ஏழும் அடிச்சதா நீயே எழுதிக்க. எழுதத் தெரிஞ்சவனாச்சே."

பேப்பரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எங்கள் ஆட்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சாயங்காலம் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணன் என் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார்.

"கைக்கு என்னடா?"

"தார் சரிஞ்சு விழுந்துடுச்சு அண்ணே."

"பாத்து எறக்கக் கூடாதா." தலையணைக்கு அடியிலிருந்து பேப்பரை எடுத்து நீட்டினார். "அந்த ஏழாவதை மட்டும் இன்னொரு தடவை படி."

இடது கையில் பேப்பரைப் பிடித்துக்கொண்டு படித்தேன்.