அந்தோணியம்மாள் குடித்த கஞ்சி

உறுவையாறு அந்தோணியம்மாள் நேற்று மாலை இறந்துவிட்டார். கரும்பு வயலில் களை எடுக்கும்போது விழுந்தவர், எழவில்லை.

வில்லியனூர் கொம்யூன் அலுவலகத்தில் மரணத்தைப் பதிந்துவிட்டு வந்த கையோடு எழுதுகிறேன். நண்பர்களே, துக்கச் செய்திதான்... ஆனாலும் கை பரபரக்கிறது!

இந்தப் பாஸ்கு என்னும் ஈஸ்டர் காலத்தில் பங்குச் சாமியார் பூசை வைக்க எங்கள் ஊருக்கு மூன்று ஞாயிறு வந்தார். மூன்றிலும் அந்தோணியம்மாள் நற்கருணை வாங்கவில்லை.

கோயில் உபதேசியார் என்ற முறையில் நான் காரணம் கேட்டேன். நற்கருணை வாங்குகிறவருக்கு நள்ளிரவுக்குப் பின் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்பது சட்டம்.

"கஞ்சி குடிச்சிட்டேன் உபதேசியாரே."

"மூன்று வாரமுமா?"

"வயித்துக்கு இன்னா, கெழமையா தெரியும்?" சிரித்தார்.

அன்றிலிருந்து ஊருக்கு அவர் 'கஞ்சி அந்தோணி'. "இன்னாடி, மோட்சத்துல கஞ்சி ஊத்துவாங்களா?" என்பார்கள் களை எடுக்கும் பெண்கள். "உப்பு போட்டா போறேன்டி" என்பார் இவர்.

பாஸ்கு காலத்தில் நற்கருணை வாங்காதவருக்குத் துக்க மணி கிடையாது, கல்லறைத் தோட்டத்தில் இடமும் கிடையாது. எங்கள் பங்கின் வழக்கம் அது. இன்று காலை, உடலருகே, சாமியாரிடம் அதை எடுத்துச் சொன்னவன் நானே.

அப்போது அவருடைய ஓரகத்தி ஆரோக்கியம் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். வரப்புத் தகராறில் இருவருக்கும் ஐந்து ஆண்டுகளாகப் பேச்சில்லை... என்றுதான் நினைத்திருந்தோம்.

"நிறுத்துங்க உபதேசியாரே! நான் மூணு வாரமும் காய்ச்சல்ல கெடந்தப்ப தெனம் விடியக்காலைல கஞ்சி கொண்டாந்தவ அவதான். மருந்து வச்சிக் கொன்னுடுவாளோன்னு, 'மொதல்ல நீ குடிடி'ன்னேன். ஞாயித்துக்கெழமையும் குடிக்க வச்சேன்!"

"இதை அப்போதே ஏன் சொல்லவில்லை?"

"'நீ என்ன சந்தேகப்பட்டது தெரிஞ்சா ஊரே உன்னக் காறித் துப்பும்டி, சும்மா கெட'ன்னா. நானும் வாய மூடிக்கினேன், பாவி!"

சாமியார் என்னைப் பார்த்தார். நான் கோயில் மணியை நோக்கி ஓடினேன்... ஐம்பது வயதில், செருப்பை விட்டுவிட்டு!

துக்க மணியை ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு அடிக்க வேண்டும் என்பது விதி. நான் அடித்தது திருவிழா மணி. பாதியில்தான் தெரிந்தது... நிறுத்தவில்லை.

மாலை நான்கு மணிக்கு அடக்கம். கல்லறைத் தோட்டத்தில்.

போய் வாருங்கள், அந்தோணியம்மா.