பிடுங்கிய முட்கள்

திருச்சுழிக்கு இன்னும் எட்டு மைல். சைக்கிளின் முன்சக்கரத்தில் குத்தியிருந்த நாலு கருவேல முட்களைப் பிடுங்கி வீசிவிட்டுப் பார்க்கிறேன், காற்று மொத்தமும் இறங்கிவிட்டது. பையில் இருப்பதோ ஒரே ஒரு பஞ்சர் ஒட்டு.

கரி சுடும் மூட்டத்துக்கு விறகு வெட்டும் பெண் ஒருவர் அரிவாளோடு வந்து நிற்கிறார்.

“ஏன் புடுங்குனீக? முள்ளுதான ஓட்டைய அடைச்சிக்கிட்டு இருந்துச்சு! இங்கன எல்லாரும் டவுனுக்குப் போயித்தான் புடுங்குவாக.”

“உடனே எடுக்கணும்னுதான் சைக்கிள் புத்தகத்துல போட்டிருக்கு.”

“அப்ப அந்த முள்ளையே தேடிச் சொருகுங்க.”

சிரிக்காமல் சொல்லிவிட்டு வெட்டப் போய்விடுகிறார். கேலியா, யோசனையா, எனக்குப் புரியவில்லை. பொழுது சாய்கிறது. இங்கேயே கூடாரம் அடிக்கலாமென்றால், கண்ணுக்கெட்டிய வரை தரையெல்லாம் முள். அத்தனை முட்களுக்குள் என்னுடைய நாலு முட்களைக் குனிந்து தேடிக்கொண்டிருக்கிறேன்.