சிவப்பு வட்டம் போட்ட நன்றிகள்

என் கணவர் வெய்யோ பொறாமைக்காரர் என்று எங்கள் ஊரான கயானியில் யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். "அந்த மனுஷனா? வாயே திறக்கமாட்டாரே!" என்பார்கள். வாய் திறக்காதவருக்குத்தான் வயிறு நன்றாக எரியும். கூட வாழ்கிற எனக்குத் தெரியாதா?

பஸ் பணிமனையில் மெக்கானிக் வேலை. ஆனால் அவர் உயிர் இருப்பது புதன்கிழமை நூலகத்தின் கீழறையில் கூடும் லினக்ஸ் சங்கத்தில். மற்றவர்கள் தூக்கிப்போட இருந்த கணினிகளில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி ஓடவிடுவார். சங்கத்தில் கட்டணம் கிடையாது. உதவி பெற்றவர் அடுத்த வாரம் ஏலக்காய் போட்ட புல்லா ரொட்டி சுட்டுவந்து, உதவியவர் மேசையில் தட்டோடு வைப்பார். அந்தத் தட்டு வருடக்கணக்கில் வெய்யோவின் மேசையில்தான் இருந்தது. யாராவது நன்றி என்று ஆரம்பித்தால், "அட, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று கையை வீசிவிட்டு அடுத்த கணினிக்கு நகர்ந்துவிடுவார்.

பிறகு ஏலிஸ் வந்தான். ஹெல்சிங்கியிலிருந்து வந்த இளம் பல் டாக்டர், சிரித்த முகம். தட்டு அவன் மேசைக்கு நகர்ந்தது. வெய்யோ வீட்டில் புல்லாவைத் தொடுவதையே நிறுத்திவிட்டார். சங்கத்தின் இணையப் பக்கத்தில் ஏலிஸ் எழுதுவதையெல்லாம் காலைக் காபியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, சிவப்பு வட்டம் போட ஆரம்பித்தார்.

"என்ன பண்றே?" என்று கேட்டேன்.

"அவன் பண்ற தப்பையெல்லாம் சேத்து வைக்கிறேன். இலையுதிர்கால வகுப்பை யாருக்குக் குடுக்கணும்னு ஹெல்லெவி முடிவு பண்ணட்டும்."

ஹெல்லெவி சங்கத் தலைவி. புதியவர்களுக்கான அந்த வகுப்பை எப்போதும் வெய்யோதான் எடுப்பார். அது கைவிட்டுப் போய்விடுமோ என்று மனிதர் உள்ளுக்குள் துடித்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து ஒரு புதன்கிழமை ஹெல்லெவியே தன் மடிக்கணினியோடு ஒரு பிரச்சினையைக் கொண்டுவந்தார். மீன் பிடித்துத் தின்னும் விராலடிப்பான் பறவையின் கூட்டை இணையத்தில் நேரலையில் பார்த்து, தினமும் ஸ்கிரீன்ஷாட் எடுப்பது அவர் வழக்கம். அவை சங்கத்தின் பொது ஃபோல்டரில் நேராகப் போய் விழ வேண்டும் என்றார். அந்த ஃபோல்டரில் இருப்பதெல்லாம் காபி மேசைக்கு எதிரே சுவர்த் திரையில் தானாக ஓடும்.

வெய்யோ கருப்புத் திரையைத் திறந்து தனக்கு மனப்பாடமான கட்டளையை அடித்தார். ஒன்றும் மாறவில்லை. திரும்ப அடித்தார்.

"புது பதிப்புல அந்தக் கட்டளை வேலை செய்யாது வெய்யோ," என்றான் ஏலிஸ் மெதுவாக. "ஸ்கிரீன்ஷாட் போற ஃபோல்டரையே எடுத்துட்டு, அதே பேர்ல பொது ஃபோல்டருக்கு ஒரு லிங்க் வச்சா போதும், எடுக்கறதெல்லாம் நேரா அங்க போயிடும்."

"எனக்குத் தெரியாதா? மொதல்ல என் கணினியில சோதிச்சுப் பாக்காம யாரோட கணினியிலயும் கை வைக்கமாட்டேன்."

வீட்டில் சோதித்தார், வேலை செய்தது. ஹெல்லெவி வீட்டுக்கே போய் மாற்றிக்கொடுத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தி வந்தார். தன் கணினியில் மாற்றியதைப் பழையபடி ஆக்க மறந்துவிட்டார்.

அடுத்த புதன் நானும் சங்கத்துக்குப் போயிருந்தேன், எல்லோரும் காபியோடு உட்கார்ந்தோம். சுவரில் கூடு வந்தது. குஞ்சு வந்தது. அப்புறம் சங்கத்தின் இணையப் பக்கம் வந்தது, சிவப்பு வட்டத்தோடு.

வட்டத்துக்குள் தப்பு எதுவும் இல்லை. 'நன்றி ஏலிஸ்' என்று இருந்தது. அடுத்ததிலும் அப்படியே. 'ஏலிஸ், நீ இல்லாட்டி நான் என்ன பண்ணியிருப்பேன்!' அது ஹெல்லெவி எழுதியது. அதற்கு இரட்டை வட்டம்.

எல்லார் பார்வையும் வெய்யோ பக்கம் திரும்பியது. வெய்யோவின் காது சிவந்துவிட்டது.

"லிங்க் நல்லா வேலை செய்யுது," என்றான் ஏலிஸ், காபியைப் பார்த்துக்கொண்டே.

"இதுக்கு எதுக்கு வட்டம் போட்டே வெய்யோ?" என்றார் ஹெல்லெவி.

"எனக்கு வரவேண்டியது அதெல்லாம்," என்றார் வெய்யோ. சங்கத்தில் அவர் மனம்விட்டுச் சொன்னது அதுதான் முதல் முறை.

"எங்கய்யா வாங்கினே நீ? சொல்ல வந்தா கையை வீசிட்டு ஓடிடுவே. அந்தப் பையன் நின்னு கேக்கறான்." பிறகு ஹெல்லெவி ஏலிஸையும் பார்த்து, "வகுப்பை ரெண்டு பேரும் சேந்து எடுங்க," என்றார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்குத்தான் எரிந்தது. தினமும் காலையில் அவர்தான் காபி போடுவார், நான் நன்றி சொல்வேன், அவர் கையை வீசுவார். ஊரார் சொன்ன நன்றிக்கெல்லாம் வட்டம். என்னுடையது அவர் காதிலாவது விழுந்ததா?

அதை அவரிடமே கேட்டேன். அவர் நடையைக் கூட்டினார்.

மறுநாள் காலை கோப்பையை என் முன்னால் வைத்தார். பழக்கதோஷத்தில் நன்றி என்றேன். மனிதர் கையை வீசவில்லை, நகரவும் இல்லை.

"இன்னொரு தடவ சொல்லு," என்றார்.

நான் சொல்லவில்லை. முதல் தடவையிலேயே காதில் வாங்குவது எப்படி என்று ஏலிஸிடம் போய்க் கேட்டுக்கொள்ளட்டும்.