பேசியே தீர்ந்த பேட்டரி

சின்னப்பிள்ளை என்கிற பேரை நான் முதலில் கேட்டது என் அண்ணன் வீட்டு முற்றத்தில். வைகாசி மாதம், முந்திரிக்கொட்டை காயப்போட்டிருந்தார்கள். மேகம் கறுத்ததும் நான் முறத்தை எடுத்துக்கொண்டு அள்ளப் போனேன். அண்ணன் பெஞ்சாதி ரம்லத் பீவி என்னைத் தடுத்துவிட்டாள். "நீங்க உக்காருங்க. சின்னப்பிள்ளை வரட்டும், அது பாத்துச் சொல்லும்" என்றாள். வந்தவளுக்கு அப்போது இருபது வயதுகூட இருக்காது. வானத்தைப் பார்த்தாள், கொட்டையில் ஒன்றை எடுத்துக் காதோரம் குலுக்கிப் பார்த்தாள், இன்னும் காயட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மழை வரவில்லை. எனக்குக் கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது.

குளத்தூர்ப் பக்கத்திலிருந்து எங்கள் ஊர் மலையாண்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். எங்கள் ஊர் இலுப்பூருக்குத் தெற்கே, பஸ்ஸில் இருபது நிமிஷம். மலையாண்டிக்கு ஆடு மேய்ப்பதைத் தவிர வேறு வேலை தெரியாது, அதையும் அவர் மெதுவாகத்தான் செய்வார். ஆகவே வீட்டை இழுத்துக்கொண்டு போனது இவள்தான். முந்திரி நாளில் முந்திரி, புளி நாளில் புளி. ரெண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தாள். ரம்லத் பீவி வீட்டுக் கொல்லையில் ஒரு கொட்டகை உண்டு. அதில் நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு புளி தட்டிக் கொட்டை எடுத்துக் கொடுப்பாள். முப்பது வருஷமாக அந்தக் கொட்டகைதான் அவளுக்குப் பிழைப்பு.

அண்ணன் போனார், பிறகு மூன்று வருஷத்துக்கு முன்னால் ரம்லத் பீவியும் மவுத்தானாள். ஒரே மகன் நிஜாம் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறான். அவன் கட்டியிருப்பது என் தங்கச்சி மகள் பவுசியாவை, சொந்தத்துக்குள்தான். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா கழிந்ததும் அவளையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். போகும்போது வீட்டுச் சாவியைத் தன் சித்தப்பா மகன் அப்துல்லாவிடம் கொடுக்கவில்லை, என்னிடமும் கொடுக்கவில்லை, சின்னப்பிள்ளையிடம் கொடுத்தான். ரத்த சொந்தம் இத்தனை பேர் இருக்கும்போது இது என்ன வழக்கம் என்று எங்களில் சிலர் முணுமுணுத்தோம். நானும் முணுமுணுத்தவள்தான், மறைப்பானேன்.

போன வருஷம் அடுத்த தெருவில் மோட்டார் வயரை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பெருநாளைக்கு வந்திருந்த நிஜாம் பயந்துபோய் வாசல் கதவுக்கு மேலே ஒரு கேமரா மாட்டினான். இடி விழுந்து மீட்டர் கருகியதிலிருந்து அந்த வீட்டில் கரண்ட் கிடையாது. அதனால் பேட்டரியில் ஓடுகிற கேமரா. உள்ளே சிம் கார்டு. சும்மா இருக்கும்போது தூங்கும். எதிரே ஏதாவது அசைந்தால் விழித்துக்கொண்டு படம் பிடித்து ஷார்ஜாவுக்கு அனுப்பும். விழித்திருக்கும்போது ஒரு நீல வெளிச்சம் எரியும். அதன் வழியாக அங்கிருந்து பார்க்கலாம், பேசவும் செய்யலாம். மாட்டியவர் இலுப்பூரில் கடை வைத்திருக்கும் அருள்மணி. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சார்ஜ் போட்டால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். சோலார் தகடு ஒன்றும் கூடவே மாட்டினார். அதைக் குரங்குகள் ஒரே வாரத்தில் பிய்த்து எறிந்துவிட்டன.

ஆனால் பேட்டரி பத்து நாள்கூடத் தாங்கவில்லை. சின்னப்பிள்ளை ஸ்டூல் போட்டு ஏறி, கேமராவைக் கழற்றித் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் போட்டு, திரும்ப மாட்டுவாள். அடுத்த எட்டாம் நாள் மறுபடியும் செத்துக் கிடக்கும். அவள் குடியிருப்பது ஒரே அறை. பெண்பிள்ளைகள் வந்து போகிற, உடை மாற்றுகிற இடம். கேமரா முழித்துப் பார்க்குமே என்று அதன் மேல் ஒரு பழைய துண்டைப் போட்டு மூடித்தான் சார்ஜ் போடுவாள். அந்தத் துண்டுதான் வினையாகிவிட்டது. நிஜாம் அங்கே போனைத் திறந்து பார்த்தால், வாசல் தெரியவில்லை, துணி தெரிகிறது. அவன் அருள்மணியைக் கேட்டிருக்கிறான். கேமராவில் கோளாறு ஒன்றும் இல்லை, யாரோ கை வைக்கிறார்கள்போலத் தெரிகிறது என்று அவரும் போகிறபோக்கில் சொல்லிவிட்டார்.

ஒரு திங்கட்கிழமை அப்துல்லா வந்து அவளிடம் சேதி சொன்னான். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் சாவியைத் தன்னிடம் தந்துவிட வேண்டும், கொட்டகையையும் காலி செய்துகொடுக்க வேண்டும், நிஜாம் சொல்லச் சொன்னான் என்றான். நான் அப்போது பக்கத்தில்தான் நின்றேன். அவள் புளியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"சாவி வேணும்னா வாங்கிக்கங்க தம்பி. அது ஒங்க வீட்டுச் சாவி. களவாணின்னு பேரு வச்சு வாங்காதீங்க."

"நான் அப்படிச் சொல்லலக்கா."

"நீங்க சொல்லல. அந்தக் கேமரா எதுனால சாகுதுன்னு வெள்ளிக்கெழமைக்குள்ள நான் பாத்துச் சொல்றேன். அதுக்கப்புறம் யாருக்கு வேணுமோ குடுத்துக்கங்க."

அப்துல்லா தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலையிலிருந்து அவள் கொட்டகையில் உட்காரவில்லை. தெருவுக்கு எதிர்ப்பக்கம், தன் வீட்டு வேப்பமரத்தடியில், கேமரா எட்டாத தூரத்தில் புளிக் கூடையைப் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் ரெண்டு தேங்காய்ச் சிரட்டை. நீல வெளிச்சம் எரியும்போதெல்லாம் ஒரு புளியங்கொட்டை. ஆடு, காக்கா, வாழை இலை என்று மற்றதுக்கெல்லாம் இடது சிரட்டை. மனுசர் வாசலுக்கு வந்து நின்றால் வலது. வெளிச்சம் எரிந்து அணைவதற்குள் எத்தனை கொட்டை எடுத்தோம் என்பது அவளுக்கு நேரக் கணக்கு. தெருவில் போனவர்களெல்லாம், என்ன பல்லாங்குழியா, துணைக்கு ஆள் வேணுமா என்று கேலி செய்தார்கள். அவள் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை இருட்டுவதற்குள் இடது சிரட்டை நிறைந்துவிட்டது. அதில் பாதிக்கு மேல் மலையாண்டியின் ஆடுகள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது. சொந்த ஆட்டாலேயே சாவி போகிறது என்று நினைத்துவிட்டாள். மலையாண்டியிடம், ஆட்டை இனிமேல் இந்தப் பக்கம் ஓட்டினால் உமக்கும் சேர்த்துத் தழை கட்டிப் போட்டுவிடுவேன் என்றாளாம். அவர் புதன்கிழமையிலிருந்து ஊரைச் சுற்றிக்கொண்டு குளத்துக் கரை வழியாக ஓட்டிப் போனார்.

வலது சிரட்டையைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் சொந்தத்தில் கல்யாணத்துக்கு அழைப்பதென்றால் வீட்டு வாசல் ஏறித்தான் அழைக்க வேண்டும். போனில் சொன்னால் அது தகவல், அழைப்பு ஆகாது. வாசல் ஏறாமல் விட்டதற்காகப் பத்து வருஷம் பேசாமல் இருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். நிஜாம் வீடு பூட்டிக் கிடந்ததால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தது. கேமரா வந்ததும் அந்தக் குறை தீர்ந்துவிட்டது. பத்திரிகையைக் கொண்டுபோய்க் கதவுக்கு முன்னால் நின்று, மேலே பார்த்து ஸலாம் சொன்னால், பவுசியா அங்கிருந்து பதில் சொல்லிவிடுவாள். பத்திரிகையைப் பிரித்துக் காட்டலாம், மாப்பிள்ளை யார் மகன் என்று விளக்கலாம். அது கல்யாண சீசன். எங்கள் சொந்தமோ இலுப்பூரிலிருந்து கடற்கரை வரைக்கும் உண்டு. நானே என் பேத்தி நிச்சயத்துக்கு அழைக்கப் போய், படியில் உட்கார்ந்து, சாயங்காலம் அஸருக்குப் பாங்கு சொன்னதிலிருந்து இருட்டி மக்ரிபு வரைக்கும் பேசிவிட்டு வந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் சின்னப்பிள்ளை ரெண்டு சிரட்டையையும் துணிப்பையில் நிமிர்த்தி வைத்துப் பிடித்துக்கொண்டு இலுப்பூர் பஸ்ஸில் ஏறினாள். கண்ணுக்குச் சொட்டுமருந்து வாங்க நானும் அதே பஸ்ஸில் போனேன். அருள்மணி கடைக்குப் போகிறாள் என்று தெரிந்ததும் நானும் கூடவே போய் உட்கார்ந்துகொண்டேன்.

சிரட்டைகளை மேசையில் வைத்ததும் அருள்மணி சிரித்தார். கடையில் பல்லாங்குழிக்கு இடமில்லை என்றார். இவள் சிரிக்காமல், எது எதற்கு எந்தக் கொட்டை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் சிரிப்பை நிறுத்தி, நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"நெறைஞ்சு கெடக்கே, இந்தச் செரட்டை எங்க ஆடுதான் தம்பி. அதுதான் தின்னுருச்சு. இனிமே அங்கிட்டு வராது" என்றாள்.

"இருங்கக்கா. ஆடு வந்தா வெளிச்சம் எவ்வளவு நேரம் எரியுது?"

"நாலு கொட்டை எடுக்குறதுக்குள்ள அணைஞ்சிரும்."

"இந்தக் கொறைச் செரட்டையில உள்ளவங்க வந்தா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அவங்க வந்தா ஒரு கூடை புளி முடியும்."

அருள்மணி வலது சிரட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பத்துக் கொட்டைகூட இருக்காது. முழித்துப் பார்த்துவிட்டுத் தூங்குவதற்கு அதிகம் செலவாகாது, முழித்தபடியே படமும் பேச்சும் ஷார்ஜாவுக்குப் போய்க்கொண்டே இருந்தால் ஒரு மணி நேரத்தில் ஒரு வாரச் சார்ஜை அது குடித்துவிடும் என்றார். இடது சிரட்டை மொத்தமும் சேர்ந்து குடித்தது கொஞ்சம்தானாம். "ஆட்டை அவுத்து விடுங்க. இந்த மனுசங்க யாரு?"

நான் சொட்டுமருந்துச் சீட்டை எடுத்துப் படிப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் படிக்க வராது என்பது சின்னப்பிள்ளைக்குத் தெரியும். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

அருள்மணி நிஜாமுக்கு வீடியோவில் போன் போட்டார். அன்றைக்கு அவனுக்கு வேலையில்லை, வீட்டில்தான் இருந்தான். விழித்த கணக்கையும் பேசிய கணக்கையும் சொன்னார். பேசியதா, யார் பேசியது என்று நிஜாம் கேட்டான். மணியடித்துக்கொண்டே இருக்கிறதென்று அவன் தன் போனில் கேமரா சத்தத்தை அமுக்கி வைத்து மாசக்கணக்காகிறதாம். சின்னப்பிள்ளை ரெண்டு கையையும் மேசையில் வைத்துக்கொண்டாள். பகலில் அவன் வேலைக்குப் போன பிறகு பவுசியா தன் போனில் பேசுவதை அவள் மூன்று நாளாகக் காது கேட்கத்தான் உட்கார்ந்திருந்தாள். அந்த ஒரு பெயரைச் சொன்னால் சாவி அவளிடமே நிற்கும்.

"சொந்தக்காரங்க வந்து நின்னு பேசுறாங்க தம்பி. கல்யாணத்துக்கு அழைக்க வாராங்க" என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை.

"அவங்க பேசினா இங்கிருந்து யாராச்சும் எடுக்கணுமேக்கா."

அவள் சிரட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு நிஜாமுக்குப் பின்னாலிருந்து பவுசியாவின் குரல் வந்தது.

"நான்தாங்க பேசுறேன். வீடு தேடி வந்தவங்கள வாசல்ல நிக்க வச்சுட்டு எப்படிங்க பேசாம இருக்குறது? பேசினா பேட்டரி எறங்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நிஜாம் அவள் பக்கம் திரும்பிப் பார்த்தான், திரும்ப இங்கே பார்த்தான்.

"நீ எங்கிட்டச் சொல்லவே இல்ல."

"நீங்க கேக்கல. துணி தெரியுதுன்னு அக்காவையும் கேக்கல. நேரா அப்துல்லாவ அனுப்பிட்டீங்க."

அந்தத் துணி எதற்கு என்று சின்னப்பிள்ளை அப்போதுதான் சொன்னாள். நிஜாம் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அத்தாவான என் அண்ணன் மாதிரி அவனுக்கும் மன்னிப்புக் கேட்க வாய் வராது. "சாவி ஒங்ககிட்டயே இருக்கட்டும்க்கா, அப்துல்லாட்ட நான் பேசிக்கிறேன்" என்றான். அதையே மன்னிப்புக் கேட்டதாகத்தான் அவள் எடுத்துக்கொண்டாள். ஆனால் உடனே தலையாட்டிவிடவில்லை.

"இருக்கட்டும் தம்பி. வர்றவங்களுக்கு ஒரு வழி சொல்லுங்க. இனிமே பேசக் கூடாதுன்னா, கேமராவப் பாத்துட்டுத் திரும்பிப் போவாங்க. கோவிச்சுக்குவாங்க. அதுக்கு நான் பதில் சொல்ல முடியாது."

வழியைச் சொன்னது பவுசியாதான். கதவைத் திறந்து உள்ளே உட்கார வையுங்கள், பத்திரிகையை எனக்குப் பதிலாக நீங்கள் கை நீட்டி வாங்குங்கள், எனக்கு உங்கள் போனில் அடியுங்கள் என்றாள். வேறு சாதி, வேறு மார்க்கம், அவள் வாங்கினால் சொந்தம் ஒத்துக்கொள்ளுமா என்று நிஜாம் தயங்கினான். நான் அங்கே இருப்பதை அவர்கள் அதுவரைக்கும் பார்க்கவில்லை. நான் போன் முன்னால் முகத்தைக் காட்டி, முதல் ஆளாய் என் பேத்தி கல்யாணப் பத்திரிகையை அவள் கையில் நான் வைக்கிறேன், அப்புறம் யார் என்ன சொல்கிறார்கள் பார்ப்போம் என்றேன். நாலு பேர் என்னைப் பார்த்துத்தான் நடப்பார்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அருள்மணி அங்கே உட்கார்ந்தபடியே நிஜாமை ஒவ்வொன்றாக மாற்றச் சொன்னார். இலைக்கும் காக்காவுக்கும் விழிக்காமல் கூர்மையைக் குறைக்க வைத்தார். தெருவை விட்டுவிட்டு வாசல் கேட்டை மட்டும் கவனிக்கும்படி கட்டம் போடச் சொன்னார். பத்து நொடிதான் படம், பிறகு ஒரு நிமிஷம் தூக்கம். யாரோ கை வைக்கிறார்கள் என்று தான் சொன்னது தப்பு என்று அவளிடம் நேரிலேயே சொன்னார். பஸ்ஸுக்கு எழுந்தபோது சிரட்டைகளை மறந்துவிட்டாள். அவர்தான் ஓடிவந்து கொடுத்தார்.

என் பேத்தி பத்திரிகையைச் சொன்னபடியே கொண்டுபோய் வைத்தேன். ரெண்டு வீட்டுக்காரர்கள் முகம் கோணினார்கள். ஒருத்தர் பத்திரிகையைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனார். அவரைப் பவுசியா போன் போட்டு நன்றாகக் கேட்டுவிட்டாள். மற்றவர்கள் உள்ளே போய் உட்கார்ந்து, டீ குடித்து, கொடுத்துவிட்டு வந்தார்கள். கேமரா அதற்கப்புறம் ரெண்டரை மாதம் தாங்கியது.

சின்னப்பிள்ளை இப்போதும் எங்கள் தெருவில், நிஜாம் வீட்டுக்கு எதிரே உள்ள ஓட்டு வீட்டில்தான் மலையாண்டியோடு இருக்கிறாள். பகலில் தேடினால் நிஜாம் வீட்டுக் கொட்டகையில் புளி தட்டிக்கொண்டிருப்பாள்.