அம்மா சொன்னது மண்டபத்துக்குக் கேட்கவில்லை

“பிள்ளை, படிச்சது வேறை, வயர் கொழுவுறது வேறை. நான் வந்து பூட்டித் தரட்டே?” என்று மேல்மாடித் தேவன் அண்ணை கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. “வேண்டாம் அண்ணை, நான் பாப்பன்” என்றேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். பிரான்சில், மார்க்ஸ் டோர்மோய் என்ற இடத்தில் அம்மாவும் நானும் இருக்கும் வீட்டில், கடிதம் வாசிப்பதும் படிவம் நிரப்புவதும் எல்லாம் நான்தான். இன்னொருவரைக் கேட்பது எனக்குப் பழக்கமில்லை.

கிளிநொச்சியில் அண்ணாவுக்குக் கலியாணம். அம்மாவிடம் இருப்பது அகதி அட்டை. வேறு நாடுகளுக்குப் போகலாம், பிறந்த நாட்டுக்கு மட்டும் போக முடியாது. பெண் மட்டக்களப்பு. “தெரியாத ஊர், தெரியாத சனம்” என்று அம்மா பல மாதம் முறுகிக்கொண்டு நின்று, கடைசியில்தான் மனம் இறங்கினார். அது பெண்ணுக்கும் தெரியும். அதனால்தான் தாலி கட்டியதும் அம்மா இங்கிருந்து வாழ்த்த வேண்டும், அது மண்டப ஒலிபெருக்கியில் எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்று அண்ணா விரும்பினார்.

மடிக்கணினியின் படம் தொலைக்காட்சியில் வர வேண்டும். அம்மாவுக்கு ஒரு காது மந்தம் என்பதால் சத்தம் எங்கள் பழைய ஸ்டீரியோவில் வர வேண்டும். கேபிள் வாங்கப் போன இடத்தில் நான் “மரியாஜ்” என்றதும் கடைக்காரர் எனக்குத்தான் கலியாணம் என்று நினைத்து, “ஃபெலிசித்தாசியோன்!” என்று கை கொடுத்தார். கலியாணம் அங்கே, தாய் இங்கே என்று விளக்கினேன். “ஆ, அப்படியென்றால் ரேயூனியோன்!” என்றார், ஏதோ அலுவலகக் கூட்டம் போல. பிறகு ஸ்பீக்கரும் மைக்கும் ஒரே அறையில் இருந்தால் என்று ஒவ்வொரு சொல்லாக, மெதுவாக, ஏதோ சொல்லத் தொடங்கினார். எங்கள் நிறத்தைக் கண்டால் சிலர் அப்படித்தான் பேசுவார்கள். “தெரியும், நானும் அலுவலகத்தில்தான் வேலை செய்கிறேன்” என்று வெட்டிவிட்டு வந்தேன். அலுவலகத்தில் நாங்கள் எல்லாரும் ஹெட்செட்டைக் காதில் மாட்டிக்கொண்டு பேசுகிறோம் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

கலியாணத்தன்று விடியற்காலையிலேயே அம்மா பட்டுச்சேலை கட்டி, சோபா நுனியில் விருந்தாளிபோல உட்கார்ந்திருந்தார். தேவன் அண்ணை வேட்டியோடு இறங்கி வந்தார். “தங்கச்சி, பந்திச் சாப்பாடு எந்த வயரிலை வருது?” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. படம் வந்தது. சத்தம் முதலில் தொலைக்காட்சியில் முனகியது. மாற்றிவிட்டதும் ஸ்டீரியோவில் நாதஸ்வரம் அதிர்ந்தது. தேவன் அண்ணையைத் திரும்பிப் பார்த்தேன்.

அந்தப் பெருமை ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை. எங்கள் ஸ்டீரியோச் சத்தம் கணினியின் மைக்குக்குள் போய், மண்டப ஒலிபெருக்கியில் வெளிவந்து, மறுபடி எங்களிடமே திரும்பி வந்து, ஊளையிட்டது. திரையில் சனம் காதைப் பொத்தியது. அங்கே தொலைபேசியைப் பிடித்திருந்த மச்சான், “ஐயோ, அதை நிப்பாட்டுங்கோ!” என்று கத்தினான். மைக்கை மூடினேன். ஊளை நின்றது. அங்கே இணையம் இழுபட்டதால் எங்கள் கமெராவை முன்னமே மூடியிருந்தேன்.

தாலி கட்டியானதும் இருவரும் தொலைபேசிக்கு முன்னால் வந்து கைகூப்பி நின்றார்கள். அம்மா எழுந்து தொலைக்காட்சிக்குக் கிட்டப் போனார். “நல்லா இருங்கோ ராசா. மகள், ஊரை நினைச்சுத்தான் பயந்தனான், உன்னை நினைச்சில்லை. இனி நீயும் என்ரை வயித்துப் பிள்ளைதான்.” திரையில் அந்தப் பெண் காத்துக்கொண்டே நின்றாள். பிறகு அண்ணாவின் முகத்தைப் பார்த்தாள். அண்ணா தலை குனிந்தார். யாரோ கூப்பிட, இருவரும் நகர்ந்துவிட்டார்கள். அப்போதுதான் கணினியில் இன்னும் மூடியே கிடந்த, சிவப்புக் கோடு போட்ட மைக்கைக் கண்டேன்.

மைக்கைத் திறந்து, “அண்ணா, திரும்பி வாங்கோ” என்று கூப்பிட்டிருக்கலாம். பத்து விநாடி போதும். ஆனால் பின்னால் தேவன் அண்ணை இருந்தார்.

“அவைக்குக் கேட்டதோ பிள்ளை?” அம்மா கண்ணைத் துடைத்தபடி கேட்டார்.

“ஓம் அம்மா, கேட்டது.”

அதன்பின் அண்ணாவின் அழைப்புகள் குறுகின. ஒருநாள் என்னிடம் தனியாகக் கேட்டார்: “அம்மாவுக்கு இன்னும் கோபமோ? அவ்வளவு சனத்துக்கு முன்னாலை ஒரு சொல்லுச் சொல்லேல்லை. இவள் அண்டைக்கு முழுக்க அழுதவள்.” மைக் மூடியிருந்ததை இரண்டு நாள் கழித்துத்தான் அவருக்குச் சொன்னேன். “நீ எண்டாலும் அண்டைக்கே சொல்லியிருக்கலாம்” என்றார்.

அம்மாவுக்குச் சொல்வதுதான் இன்னும் கடினமாக இருந்தது. “அப்ப நான் கதைச்சது சுவருக்கோ?” என்றார். ஒலிப்பதிவு செய்து அனுப்புவோம் என்றேன். “பதிஞ்சு அனுப்ப நான் என்ன ரேடியோவோ? நான் போகேலாது. உனக்குப் போகலாம். அந்தப் பிள்ளையின்ரை முகத்தைப் பாத்து நீயே சொல்லு.”

என்னிடம் இருப்பது பிரெஞ்சுக் கடவுச்சீட்டு. நான் பிறந்த நாட்டுக்குள் போக எனக்கு விசா வேண்டும். நேற்று அந்தப் படிவத்தை நிரப்பினேன். எந்த நாட்டவர் என்ற இடத்தில் பிரான்ஸ் என்று போட்டேன். அங்கே தங்கப்போகும் முகவரி என்ற இடத்தில் அண்ணா இருக்கும் எங்கள் கிளிநொச்சி வீட்டு முகவரியை எழுதினேன். அனுப்பியும் விட்டேன்.